துரும்பு கிள்ளிய பிறகு

முருகன் துணை
வட்டவளை
12.2.1955

மச்சான் ஆண்டியப்பன் அவர்களுக்கு மூக்கன் எழுதிக்கொண்டது. இங்கே மழையும் நானும் சுகம். அங்கே நீங்களும் வேலாயி தங்கச்சியும் சுகமாக இருக்க வேண்டும்.

மச்சான் என்று எழுதலாமா கூடாதா என்று வெகுநேரம் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தேன். தை மாதம் மாரியம்மன் கோயில் வாசலில், பெரியவர்கள் முன்னால், நானும் உங்கள் தங்கை மீனம்மாவும் துரும்பு கிள்ளிப் போட்டோம். அதோடு புருஷன் பெண்சாதி என்பது முடிந்தது. மச்சானும் முடிந்து போனானா என்று பெரியவர்கள் யாரும் சொல்லவில்லை. அவர்கள் சொல்லாததை நான் ஏன் சொல்ல வேண்டும் என்று பழையபடியே எழுதிவிட்டேன்.

நேற்று தேயிலை ஸ்டோரில் கொழுந்து வாட்டுகிற மாடியில் நின்றுகொண்டிருந்தேன். கோட்டிலிருந்து ஓர் ஆள் ஏறிவந்து ஒரு தாளை நீட்டினான். பெரிய கிளாக்கர் ஐயா படித்துச் சொன்னார். மகள் செவந்திக்கு நான் தாபரிப்புக் காசு கட்ட வேண்டும் என்று மீனம்மா ஹட்டன் கோட்டில் வழக்கு வைத்திருக்கிறாளாம்.

எனக்கு இது விளங்கவில்லை, மச்சான். நம் அப்பன் பாட்டன் காலத்திலிருந்து துரும்பு முறிந்தால் எல்லாம் முறிந்தது. நான் அவளிடம் நகை கேட்டேனா, சட்டி பானை கேட்டேனா? பிள்ளையை வைத்துக்கொள்கிறேன் என்றாள், சரி என்றேன். எனக்குப் படிப்பு ஐந்தாம் வகுப்பு. அதிலும் இரண்டு தரம் உட்கார்ந்தவன். உங்களுக்கு இந்தச் சட்டம் தெரியுமானால் எழுதுங்கள்.

செவந்தி சுகமா?

இப்படிக்கு,
மச்சான் தானா என்று தெரியாத
மூக்கன்

*

நல்லதண்ணி
27.2.1955

மச்சான் மூக்கன் அவர்களுக்கு ஆண்டியப்பன் எழுதுவது. கடவுள் புண்ணியத்தில் எல்லோரும் சுகம். உங்கள் சுகமும் அப்படியே இருக்கட்டும்.

மலைக்கு யாத்திரை போகிற சனம் அலைமோதுகிறது. காலைப் பெரட்டில் பேர் கொடுத்துவிட்டு வேலை, வேலை முடிந்து தேத்தண்ணிக் கடை என்று எனக்கும் வேலாயிக்கும் இடுப்பு முறிகிறது. அதனால்தான் பதில் சுணங்கிப்போனது.

வழக்கு வைக்கச் சொன்னது நான்தான். மீனம்மாவைக் கோபிக்க வேண்டாம். எங்களுக்குப் பிள்ளை குட்டி இல்லை. செவந்திக்கு ஒரு வாய் சோறு போட எங்களால் முடியும். ஆனால் பெற்றவன் கணக்கில் ஒன்றும் இல்லாமல் பிள்ளை வளரக் கூடாது என்று எனக்குப் பட்டது.

உங்கள் கடிதத்தை மீனம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். வேலாயி சிரித்தாள். மீனம்மா, "இவரு இப்படித்தாண்ணே. வீட்டில அரிசி இல்லைன்னா அதுக்கும் ஒரு கதை வச்சிருப்பாரு. கதை நல்லாத்தான் இருக்கும். சட்டியில ஒண்ணும் இருக்காது" என்றாள். அவள் சொன்னபடியே எழுதியிருக்கிறேன்.

கோட்டுக்கு வாருங்கள். வராமல் இருந்தால் பிடித்துக்கொண்டு போவார்களாம்.

இப்படிக்கு,
ஆண்டியப்பன்

*

முருகன் துணை
வட்டவளை
20.3.1955

அன்பான மச்சானுக்கு மூக்கன் வணக்கம். நான் சுகம், மானம் மட்டும் கொஞ்சம் சுகமில்லை. உங்கள் எல்லோருடைய சுகத்தையும் வேண்டுகிறேன்.

கடையை விட்டுவர முடியாமல் நீங்கள் வராததால் கோட்டில் நடந்ததை நானே எழுதுகிறேன். மீனம்மா சொன்னால் பாதிதான் சொல்வாள்.

"இந்தப் பிள்ளை உன்னுடையதா?" என்று நீதவான் கேட்டதைத் தமிழில் கேட்டார்கள். "ஐயா, பிள்ளை மூக்கைப் பாருங்க, பொறகு எம்மூக்கைப் பாருங்க. வேற சாட்சி எதுக்குங்க?" என்றேன். கோடே சிரித்தது. நீதவானும் குனிந்துகொண்டு சிரித்தார். மீனம்மா சிரிக்கவில்லை.

அந்தத் தைரியத்தில் நான், "ஆனா துரும்பு கிள்ளியாச்சுங்க, ஐயா" என்றேன். துரும்பு என்றால் என்னவென்று அவருக்கு விளக்கிச் சொன்னார்கள். கவனமாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, "துரும்பை யார் யார் பிடித்தீர்கள்?" என்றார்.

"நானும் அவளும்ங்க."

"பிள்ளை பிடித்ததா?"

"இல்லைங்க."

"அப்படியானால் உனக்கும் பிள்ளைக்கும் நடுவில் ஒன்றும் முறியவில்லை."

மச்சான், எதற்கும் வாயில் ஒரு கதை வைத்திருக்கிறவன் நான். அதற்குத் தலையை மட்டும் ஆட்டினேன். மாதாமாதம் கட்ட வேண்டும், பிள்ளை தலையெடுக்கும்வரை கட்ட வேண்டும், அது பெண்சாதிக்குக் கொடுக்கிற காசு இல்லை, பிள்ளைக்குச் சேர வேண்டியது என்று சொன்னார்கள். மீனம்மாவுக்குக் கையெழுத்து வராது. அதனால் மணியோடரை உங்கள் பேருக்கு அனுப்பச் சொல்லி உத்தரவு.

வெளியே வந்து பஸ்ஸுக்கு அவர்கள் இறங்கிப் போனதை மேலே நின்று பார்த்தேன். மீனம்மா ஒரு கையைத் தாழ்த்திப் பிடித்திருந்தாள். செவந்தி தன் கையைத் தலைக்கு மேலே தூக்கி அதைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். திரும்பிப் பார்ப்பாள் என்று நினைத்தேன். மழைத் தண்ணீர் ஓடுகிற கானைத் தாண்டுவதில் கவனமாக இருந்தாள்.

இந்த மாதத்துக் காசை அனுப்பியிருக்கிறேன்.

இப்படிக்கு,
மச்சான் தான் என்று கோட்டில் உறுதியான
மூக்கன்

*

நல்லதண்ணி
24.4.1955

மச்சானுக்கு ஆண்டியப்பன் எழுதியது. நாங்கள் சுகம். உங்கள் சுகத்துக்கு வேண்டுகிறோம்.

காசு வந்தது. சித்திரை வருசப் பிறப்புக்குச் செவந்திக்கு ஒரு கவுன் எடுத்தோம். பிள்ளைமடுவத்துக்கு அதைத்தான் போட்டுக்கொண்டு போவேன் என்று ஒரே பிடிவாதம். பிள்ளையை அங்கே விட்டுவிட்டு மீனம்மா கொழுந்து எடுக்கப் போகிறாள். மழைக்குத் தலையில் போடுகிற கம்பளி ஓரம் கிழிந்து போனதைச் சிவப்பு நூலால் தைத்துப் போட்டுக்கொண்டிருக்கிறாள். புதுசு வாங்கிக்கொள் என்றால், "மொதல்ல பிள்ளைக்கு" என்கிறாள்.

உங்களுக்கு எழுத ஏதாவது இருக்கிறதா என்று அவளிடம் கேட்டேன். கம்பளியை மடித்து வைத்தாள். பிறகு, "பிள்ளையை ஒரு நாளு வந்து பார்க்கச் சொல்லுண்ணே. காசு மட்டும் வந்தா, அது தபால்காரனைத்தான் அப்பன்னு நினைச்சுக்கும்" என்றாள்.

இப்படிக்கு,
ஆண்டியப்பன்

*

முருகன் துணை
வட்டவளை
19.6.1955

மச்சானுக்கும் தங்கச்சிக்கும் மூக்கன் வணக்கம். நான் சுகம். இந்த மாதம் வட்டவளையில் வெயிலைப் பார்த்தவர்கள் யாரும் உயிரோடு இல்லை. நீங்கள் எல்லோரும் நனையாமல் இருக்க வேண்டும்.

தபால்காரனை அப்பன் என்று நினைக்காமல் இருப்பதற்காக இந்தத் தரம் காசோடு ஒரு வண்டியும் லொறி டிரைவர் வீரய்யா கையில் அனுப்புகிறேன். தேயிலைப் பெட்டித் தகரத்தில் நானே செய்தது. மாடு மாதிரி ஒன்றும் பூட்டியிருக்கிறேன். அது மாடு என்று முதலிலேயே செவந்தியிடம் சொல்லிவிடுங்கள். இங்கே பார்த்தவர்கள் பூனை என்கிறார்கள்.

பார்க்க வருகிறேன் என்று மீனம்மாவிடம் சொல்லுங்கள். ஆடி போகட்டும். வெறுங்கையோடு வர வெட்கமாக இருக்கிறது. ஒரு நல்ல சட்டையாவது தைத்துக்கொண்டு வருகிறேன்.

வண்டியைப் பார்த்துப் பிள்ளை என்ன சொன்னது, மீனம்மா என்ன சொன்னாள் என்று சொன்னபடியே எழுதுங்கள்.

இப்படிக்கு,
மூக்கன்

*

நல்லதண்ணி
31.7.1955

மச்சானுக்கு ஆண்டியப்பன் எழுதுவது.

காசும் வண்டியும் வந்தன. செவந்தி சுகம். இங்கே பெருமழை. இரண்டு லயத்து வீடுகளில் கூரைத் தகரம் போய்விட்டது. கடை பூட்டிக் கிடக்கிறது.

இப்போது பார்க்க வர வேண்டாம். பாதை சரியில்லை.

ஆண்டியப்பன்

*

முருகன் துணை
வட்டவளை
22.8.1955

மச்சான் அவர்களுக்கு மூக்கன் வணக்கம். உடம்பு சுகம். நீங்கள் எல்லோரும் சுகமா? போன கடிதத்தில் அதை எழுத மறந்துவிட்டீர்கள். மழையைப் பற்றி எழுதினீர்கள், தகரத்தைப் பற்றி எழுதினீர்கள். மாட்டைப் பற்றி மீனம்மா என்ன சொன்னாள் என்று எழுதவில்லை. அவ்வளவு மோசமாகவா இருந்தது?

ஒரு விஷயம் கேட்க வேண்டும். மீனம்மா வட்டவளைப் பக்கம் வந்தாளா?

போன கிழமை நல்ல வெயில். அதிசயமாக இருக்கிறதே என்று மத்தியானச் சோற்றுக்கு ஸ்டோரிலிருந்து இறங்கினேன். கீழ்மலை வளைவில், சவுக்கு மரத்தின் கீழே, மீனம்மா நின்றாள். தலையில் கம்பளி. அத்தனை வெயிலில் அந்தக் கம்பளியிலிருந்து தண்ணீர் சொட்டியது. ஒரு கையை நீட்டிக்கொண்டு நின்றாள். "என்ன மீனம்மா, ஒனக்கு மட்டும் தனியா மழை பெய்யுதா?" என்று கேட்டேன். சிரிப்பாள் என்று நினைத்தேனா, எனக்கே தெரியவில்லை. அதற்குள் கொழுந்து லொறி குறுக்கே வந்தது. லொறி போன பிறகு பார்த்தால் ஆள் இல்லை. தரை மட்டும் ஈரமாக இருந்தது.

நான் குடிக்கவில்லை, மச்சான். துரும்பு கிள்ளிய பிறகு தவறணைப் பக்கம் போகவில்லை. தவறணைக்காரரே ஆள் அனுப்பிச் சுகம் விசாரித்தார்.

காசு போதவில்லை, அதைக் கேட்கத்தான் கை நீட்டினாள் என்று நினைத்து இந்த மாதம் சேர்த்து அனுப்பியிருக்கிறேன். அவளிடம் சொல்லுங்கள். இவ்வளவு தூரம் நடந்து வர வேண்டாம். ஒரு வரி எழுதச் சொன்னால் போதும்.

இப்படிக்கு,
மூக்கன்

*

முருகன் துணை
வட்டவளை
25.9.1955

மச்சானுக்கு மூக்கன். சுகம் என்று எழுதத்தான் வேண்டும், எழுதுகிறேன்.

நீங்கள் பதில் போடவில்லை. அவள் மறுபடியும் வந்தாள். இந்தத் தரம் கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்குப் பக்கத்தில். பெண்டுகள் வரிசையில் கூடையோடு நிற்கிறார்கள், அவள் வரிசைக்கு வெளியே நிற்கிறாள். யாரும் அவளைப் பார்க்கவில்லை. பக்கத்தில் நின்ற சின்னத்தம்பிக் கங்காணியிடம், "அந்தப் பொம்பளை யாரு?" என்று கேட்டேன். "எந்தப் பொம்பளைடா?" என்றார். நான் சிரித்து மழுப்பிவிட்டேன்.

கிட்டப் போய்ப் பார்த்தேன். கம்பளி ஓரத்தில் சிவப்பு நூல் தையல். நீங்கள் சித்திரையில் எழுதியிருந்தீர்களே, அதே தையல். அவள் கை அப்படியே நீட்டியபடி. காசு அனுப்பினேனே, இன்னும் என்ன என்று கேட்டேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. கீழே, தன் கைக்குப் பக்கத்தில் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மச்சான், நான் எதையும் விளையாட்டாக எழுதுகிறவன் என்று நினைக்காதீர்கள். இதை விளையாட்டாக எழுதப் பார்த்தேன். முடியவில்லை. மீனம்மா எங்கே? ஒரு வரி எழுதுங்கள்.

மூக்கன்

*

நல்லதண்ணி
9.10.1955

மச்சான் அவர்களுக்கு ஆண்டியப்பன் எழுதியது.

உங்கள் கடிதத்தைப் படித்துக்கொண்டிருந்தபோது சிவப்பு நூல் என்ற இடத்தில் வேலாயி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அதற்கு மேலே படிக்க வேண்டாம் என்று அழுதாள்.

மச்சான், அந்தக் கம்பளியை நாங்கள் மீனம்மாவோடு குழியில் வைத்துவிட்டோம்.

ஆடி பிறந்த கிழமை. விடாத மழையில் மலையில் நின்று நனைந்தாள். குளிர்காய்ச்சல் கண்டு, சளி நெஞ்சை அடைத்துக்கொண்டது. தோட்டத்து ஆஸ்பத்திரியிலிருந்து ஹட்டனுக்குக் கொண்டுபோகப் பார்த்தோம். பாதையில் மண் சரிந்து கிடந்தது. திரும்பி லயத்துக்கு வந்து சேர்வதற்குள் போய்விட்டாள். உங்கள் வண்டி அதற்கு முன்பே வந்துவிட்டது. "இது மாடாம்" என்று சொல்லிச் சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இதை உங்களுக்கு எழுதாமல் வைத்துக்கொண்டதுதான் எனக்குப் பெரிய பாரம்.

ஏன் மறைத்தேன் என்று கேட்பீர்கள். காசுக்காக என்று நினைத்தால் அதற்கும் நான் பதில் சொல்லக் கடமைப்பட்டவன். நீங்கள் அனுப்பியது பிள்ளைக்குத்தான் போனது. ஆனால் என் பயம் வேறு. தாய் போனால் பிள்ளை தகப்பனுக்கு என்று இங்கே எல்லோரும் சொல்கிறார்கள். நீங்கள் ஒரு நாள் சிரித்துக்கொண்டே வந்து, ஒரு கதை சொல்லி, பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு போய்விடுவீர்கள். வேலாயி என்ன செய்வாள்? செவந்தி இப்போது அவள் மடியில்தான் தூங்குகிறது. வேலாயிக்கு இந்த வயதில்தான் மடி நிறைந்திருக்கிறது.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். ஆடியிலிருந்து செவந்தி நடக்கும்போது இடது கையைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு நடக்கிறது, யாரோ பிடித்துக் கூட்டிப்போவது மாதிரி. "கையை எறக்கு, தாயி" என்று வேலாயி சொன்னால் இறக்குவதில்லை. "விழுந்துருவேன், அத்தை" என்கிறது. கோயில் பூசாரி திருநீறு போட்டுப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. உங்கள் கடிதம் வரும்வரை பிள்ளைப் பழக்கம் என்று எங்களைத் தேற்றிக்கொண்டிருந்தோம்.

என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. நீங்கள் என்ன முடிவு செய்தாலும் எழுதிவிட்டு வாருங்கள். திடீரென்று வர வேண்டாம். வேலாயி தாங்கமாட்டாள்.

ஆண்டியப்பன்

*

முருகன் துணை
வட்டவளை
6.11.1955

அன்பான மச்சானுக்கும் வேலாயி தங்கச்சிக்கும் மூக்கன் வணக்கம். உங்கள் சுகத்துக்கு எல்லாத் தெய்வத்தையும் வேண்டுகிறேன்.

கடிதம் கிடைத்த அன்று வேலைக்குப் போகவில்லை. துரும்பு கிள்ளியவனுக்குத் தீட்டு உண்டா, மொட்டை போடலாமா என்று யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுவார்களோ என்று பயம். ஓடையில் போய் முழுகினேன். முடி வெட்டுகிற அழகன் வந்து தலையைச் சிரைத்துவிட்டான். "யாருக்குடா?" என்று கேட்டான். "வீட்டுக்காரிக்கு" என்று சொன்னேன். அவன் துரும்பை நினைவுபடுத்தவில்லை. நல்லவன்.

மறுநாள் ஹட்டனுக்குப் போய் வழக்குப் பேசுகிற பிரக்கிராசியார் ஒருவரைப் பார்த்தேன். அவர் சொன்னதை உங்களுக்கு மறைக்கக் கூடாது. கோட்டு உத்தரவு மீனம்மா கேட்டு வந்தது, அவள் இல்லாதபடியால் புதிதாக யாராவது கேட்கும்வரை நான் ஒன்றும் அனுப்பாமல் இருந்தாலும் என்னைப் பிடிக்க யாரும் வரமாட்டார்களாம். அது ஒன்று. பிள்ளையைக் கூட்டிவர வேண்டுமானால் தகப்பன் எனக்குத்தான் முதல் உரிமையாம். அது இரண்டு. "எதை வேணும்னாலும் செய், உன் இஷ்டம்" என்றார். இரண்டும் எனக்குச் சாதகமான செய்தி என்று நினைத்துக் கை குலுக்கினார். படியிறங்கி வந்து அந்தக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டேன்.

பஸ் நிற்கிற இடத்துக்கு, அன்று மீனம்மாவும் பிள்ளையும் போன அதே வழியில் இறங்கினேன். கானுக்கு அந்தப் பக்கம் அவள் நின்றாள், மச்சான். வெயிலில் நனைந்த கம்பளியோடு. இந்தத் தரம் நான் பேசவில்லை. கையைத்தான் பார்த்தேன்.

காசு கேட்கிற கை நெஞ்சுக்கு நேரே வரும், உள்ளங்கை மேலே பார்க்கும். தவறணை வாசலில் எத்தனை தரம் நானே நீட்டியிருக்கிறேன், எனக்குத் தெரியாதா? அவள் கை அப்படி இல்லை. தொடைப் பக்கம் தாழ்ந்து, விரல் மடங்கி, எதையோ பிடித்திருந்தது. சின்னப் பிள்ளையைக் கானில் விழாமல் கூட்டிப்போகிற கை அது. கோட்டிலிருந்து இறங்கிய அன்று பார்த்த அதே கை. நான்தான் அவள் நீட்டியதைக் காசு என்று நினைத்து மணியோடரைக் கூட்டிக் கூட்டி அனுப்பிக்கொண்டிருந்தேன்.

அவள் பிள்ளையை விடவும் மாட்டாமல், வைத்துக்கொள்ளவும் மாட்டாமல், இவ்வளவு தூரம் என்னிடம் நடந்து வருகிறாள். மழைக் கம்பளியோடு. அவளைப் போய், காசு போதவில்லையா என்று கேட்டேனே.

தங்கச்சிக்குச் சொல்லுங்கள், நான் செவந்தியைக் கூட்டிப்போக வரவில்லை. அது தூங்குகிற மடியிலேயே தூங்கட்டும். வேறு தோட்டம் போக, பெரிய கிளாக்கர் ஐயாவிடம் பற்றுச்சீட்டு கேட்டுவிட்டேன். "ஸ்டோர் வேலையை விட்டுட்டு அங்க போயி என்னடா செய்யப் போற?" என்று கேட்டார். புல்லு வெட்டுவேன் என்றேன். உங்கள் தோட்டத்தில் ஆள் எடுப்பதாக வீரய்யா சொன்னான். எடுக்காவிட்டாலும் மார்கழியில் சனம் மலைக்கு வரத் தொடங்கிவிடும். உங்கள் கடையில் கிளாஸ் கழுவ ஆள் வேண்டாமா? கூலி வேண்டாம், கடை மூலையில் ஒரு சாக்கு விரிக்க இடம் போதும். பிள்ளைக்கு உண்டானதை இனிமேல் தபாலில் அனுப்பமாட்டேன். நானே கொண்டுவந்து தங்கச்சி கையில் தருவேன். யாரும் கேட்காவிட்டாலும் தருவேன். சிரிப்புக் கதையும் இருக்கும், ஆனால் சட்டி காய்ந்து கிடக்கும்போது சொல்லமாட்டேன்.

என் மூக்கைப் பார்த்துப் பிள்ளை பயந்தால், அதன் மூக்கைக் கண்ணாடியில் காட்டுங்கள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் வந்து இறங்குவேன். திடீரென்று வரவில்லை, எழுதிவிட்டுத்தான் வருகிறேன். ஒரே ஓர் உதவி செய்ய வேண்டும். பஸ் நிற்கிற இடத்துக்குச் செவந்தியை நடத்திக் கூட்டிவாருங்கள். தூக்கிவர வேண்டாம். கையை இறக்கச் சொல்லவும் வேண்டாம், அப்படியே தூக்கிக்கொண்டு வரட்டும்.

இடது கை என்றுதானே எழுதினீர்கள்? அந்தப் பக்கம் நான் வந்து நின்றுகொள்கிறேன். கொஞ்ச தூரம் மூன்று பேருமாக நடப்போம். பிறகு நான் அவளிடம் சொல்லிக்கொள்கிறேன், பிடித்துக்கொண்டேன், நீ விடலாம் என்று.

இப்படிக்கு,
செவந்தியின் அப்பா
மூக்கன்